பாம்பன் பாலத்துப் பக்கக் காற்றும் காரின் நிலைப்புக் கட்டுப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரத்தில் பல ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டினேன். இப்போது மூன்று கார்களை வைத்து ஓட்டுநர்களைக் கொண்டு நடத்துகிறேன். புதிதாகக் கார் வாங்கும் உறவினர்களும், படகு இழுத்துப்போகும் நண்பர்களும், வெளியூரிலிருந்து வரும் பயணிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

இ.எஸ்.சி., இ.எஸ்.பி. என்கிறார்களே, அது என்ன?

மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. மாருதியில் இ.எஸ்.பி., ஹூண்டாயில் இ.எஸ்.சி., டொயோட்டாவில் வி.எஸ்.சி., ஹோண்டாவில் வி.எஸ்.ஏ. செய்யும் வேலை ஒன்றுதான்.

ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள் என்று ஒரு சென்சார் பார்க்கிறது. கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று இன்னும் இரண்டு சென்சார்கள் பார்க்கின்றன. நான்கு சக்கரங்களும் சுற்றும் வேகம் தனியே அளக்கப்படுகிறது. நீங்கள் கேட்டதும் கார் செய்வதும் பொருந்தவில்லை என்றால், கணினி ஏதாவது ஒரு சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறது. தேவைப்பட்டால் என்ஜினின் வேகத்தையும் குறைக்கிறது. வளைவில் காரின் வால் வெளியே வீசினால், வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிடித்து மூக்கை இழுத்து நேராக்கும். மூக்கு திரும்ப மறுத்தால், உள்பக்கப் பின் சக்கரத்தைப் பிடிக்கும். ஒரு மனிதனால் நான்கு பிரேக்கையும் தனித்தனியே மிதிக்க முடியாது. அதனால்தான் இந்த வேலை கணினியிடம் போனது.

1995-இல் பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் நிறுவனமும் சேர்ந்து இதை விலையுயர்ந்த ஒரு பெரிய காரில் கொண்டுவந்தன. இரண்டே ஆண்டில் அதே மெர்சிடிஸின் சிறிய ஏ-கிளாஸ் கார், சுவீடனில் நடந்த ஒரு சோதனையில் கவிழ்ந்தது. சாலையில் திடீரென்று குறுக்கே வரும் காட்டுமானுக்கு விலகி, மறுபடி தன் தடத்துக்குத் திரும்புவது போன்ற சோதனை அது. அதற்குப் பிறகு அந்தச் சின்னக் காரிலும் இதை எல்லா வண்டிக்கும் பொருத்தினார்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காட்டுமான் இல்லை. ஆட்டு மந்தை இருக்கிறது, அதுவும் அந்தி நேரத்தில்தான் வீடு திரும்பும்.

ஏ.பி.எஸ். இருக்கிறதே, அது போதாதா?

போதாது. நீங்கள் பிரேக்கை மிதித்தால்தான் ஏ.பி.எஸ்-க்கு வேலை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இ.எஸ்.சி. நீங்கள் மிதிக்காமலே பிடிக்கும். காற்று தள்ளும்போது பிரேக்கில் கால் வைத்திருக்க மாட்டீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

காற்று அடிக்கிறது என்று அதற்குத் தெரியுமா?

தெரியாது. எத்தனை பேருக்கு விளக்கினாலும் இந்த இடத்தில்தான் சந்தேகம் திரும்ப வருகிறது. காரில் காற்றை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. ‘நான் நேராகப் போகச் சொல்கிறேன், வண்டி இடப்பக்கம் போகிறது’ என்ற பொருத்தமின்மை மட்டும்தான் அதன் கண்ணில் படும். காரணம் காற்றா, மணலா, பஞ்சரான டயரா என்று அது கேட்பதில்லை. ஆகவே காற்று தள்ளி முடித்த பிறகுதான் அது வேலையைத் தொடங்குகிறது. காற்று வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரே காரியம் வேகத்தைக் குறைப்பது. அது உங்கள் காலில்தான் இருக்கிறது.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு இருந்தது. காற்றின் வேகத்தை அளந்துகொண்டே இருப்பார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு சிக்னல் கிடைக்காது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலில் ஒரு ரயிலையே கடலுக்குக் கொடுத்த ஊருக்கு அந்த எச்சரிக்கை அதிகம் இல்லை. ஆனால் காரில் வருபவருக்கு அப்படி யாரும் சிக்னல் போடுவதில்லை.

பாலத்தின் மேல் எதிரே பஸ் வரும்போது கார் ஏன் குலுங்குகிறது? இ.எஸ்.சி. இருந்தும் பயமாக இருக்கிறதே?

1988-இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி சாலைப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். கப்பல் கடக்கும் நடுப்பகுதியில் உயர்ந்து நிற்கிறது. பக்கத்தில் மரமோ கட்டடமோ கிடையாது. நிலப்பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ராமேஸ்வரம் நோக்கிப் போகிறீர்கள், ஆடி மாதம், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று என்று வைத்துக்கொள்வோம். காற்று உங்கள் வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. கார் இடப்புறக் கைப்பிடிச் சுவர் பக்கம் நகரப் பார்க்கிறது. அதைத் தடுக்க நீங்களே அறியாமல் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் சற்றுத் திருப்பி வைத்திருக்கிறீர்கள்.

இப்போது எதிரே பஸ் வருகிறது. அது உங்களுக்கு வலப்பக்கத்தில், அதாவது காற்று வரும் பக்கத்தில் கடக்கிறது. பஸ்ஸின் நீளம் முழுவதும் ஒரு கணம் காற்றை மறைத்து நிற்கிறது. காற்று இல்லை, ஆனால் உங்கள் கை இன்னும் வலப்பக்கம் திருப்பிய நிலையிலேயே இருக்கிறது. கார் பஸ் பக்கம் ஒரு சாண் சாய்கிறது. பதறி இடப்பக்கம் திருப்புகிறீர்கள். அதே நொடியில் பஸ் கடந்துவிட்டது, காற்று மறுபடி வலப்பக்கத்திலிருந்து வந்து அறைகிறது. இப்போது காற்றும் உங்கள் கையும் ஒரே பக்கம் இழுக்கின்றன. அந்தக் குலுக்கல் இதுதான்.

இதில் இ.எஸ்.சி-யின் பங்கு குறைவு. ஏனென்றால் கார் உங்கள் ஸ்டீயரிங்குக்குக் கீழ்ப்படிந்துதான் சாய்கிறது. தவறு கையில் இருக்கிறது. எங்கள் ஓட்டுநர்களுக்கு நான் சொல்வது: பஸ் வரும்போது ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடி, பிடியை மட்டும் தளர்த்து, திருப்பாதே. பஸ் கடந்த பின் காற்று திரும்பி வரும் என்று எதிர்பார்த்திரு. வேகம் 40-இல் இருந்தால் ஒரு சாண் சாய்வது ஒரு சாணோடு நிற்கும்.

திரும்பி வரும்போது இன்னும் கவனம் வேண்டும். அதே கச்சான் இப்போது இடப்பக்கத்திலிருந்து அடித்து உங்களை எதிர்த் தடத்துக்குள் தள்ளும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழ்: போகும்போது எதிர்த் தடம், வரும்போது சுவர். பாலத்தின் உச்சியில் வண்டியை நிறுத்திக் கடலைப் படம் எடுப்பவர்களைப் பற்றி நான் எழுதினால் தாள் போதாது.

வேகத்தைக் குறைத்தால் உண்மையில் பயன் உண்டா? காற்று அதே காற்றுதானே?

உண்டு. நிற்கும் வண்டியின் மேல் காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 30-இல் அடிக்கும் காற்று 60 ஆனால் நான்கு மடங்கு. ஓடும் காரில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. எதிரே வரும் காற்றும் பக்கக் காற்றும் கலந்து சாய்வாக வந்து மோதும். அந்தப் பக்கவாட்டுத் தள்ளல், தோராயமாகக் கார் வேகத்தையும் பக்கக் காற்றின் வேகத்தையும் பெருக்கியதைப் போல உயரும். ஆகவே காற்று மாறாமல் நீங்கள் வேகத்தைப் பாதியாக்கினால் தள்ளலும் ஏறக்குறையப் பாதியாகும்.

மேலும், 80 கிலோமீட்டரில் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறீர்கள். ‘ஐயோ’ என்று நினைப்பதற்கே ஒரு நொடி ஆகிறது. 40-இல் அது 11 மீட்டர்.

உயரமான கார்கள், வேன்கள், மேலே கேரியரில் மூட்டை கட்டிய வண்டிகள் அதிகம் தள்ளப்படும். அக்னி தீர்த்தத்தில் நீராட வரும் குடும்பங்கள் பாத்திரம், போர்வை, அரிசி என்று கேரியரில் ஏற்றி வருகிறார்கள். அது காரின் பக்கப் பரப்பையும் கூட்டுகிறது, எடை மையத்தையும் உயர்த்துகிறது. காருக்குள் தரையில் வைக்கக்கூடிய மூட்டையைக் கூரையில் ஏற்றுவது வீண்வேலை.

பக்கக் காற்று உதவி என்று தனியாக ஒரு வசதி இருக்கிறதாமே?

இருக்கிறது. மெர்சிடிஸின் ஸ்பிரின்டர் வேனில் 2013-இல் வந்தது பேசப்பட்டது. காரின் மூக்கு காற்று போகும் பக்கம் திரும்புவதை உணர்ந்து, காற்று வரும் பக்கத்துச் சக்கரங்களை மெதுவாகப் பிடித்து, மூக்கை மறுபடி காற்றுக்குள் திருப்புகிறது. இ.எஸ்.சி-யின் சென்சார்களே இதற்கும் போதும்; மென்பொருள்தான் வேறு. ஃபோர்டின் டிரான்சிட் வேனிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. சில கார்களில் மின்சார ஸ்டீயரிங்கே, தொடர்ந்து ஒரு பக்கம் இழுப்பதைச் சமன்செய்யும்.

ஸ்பிரின்டரில் அந்த வசதி 80 கிலோமீட்டருக்கு மேல்தான் விழிக்கும். பாம்பன் பாலத்தில் 80-இல் போகிறவருக்கு வேறு வைத்தியம் வேண்டும்.

தடக்கோடு பார்த்துத் தானே திருப்பும் கேமரா வசதி உள்ள புதிய கார்களைப் பற்றியும் கேட்கிறார்கள். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில், மணல் அந்தக் கோட்டை மூடிவிட்டால் கேமராவுக்குக் கோடு தெரியாது. அதை நம்பி ஸ்டீயரிங்கை விடாதீர்கள்.

தனுஷ்கோடிச் சாலையில் மணல் கிடக்கிறதே, அங்கு இ.எஸ்.சி. என்ன செய்யும்?

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையான சாலை 2017-இல் திறக்கப்பட்டது, ஒன்பதரை கிலோமீட்டர். இரு புறமும் கடல், நடுவே தார். காற்று பலமாக வீசும் நாட்களில் தாரின் மேல் மணல் படலமாகப் படியும். அப்போது டயருக்கும் தாருக்கும் இடையில் சின்னச் சின்ன உருளைகள் இருப்பது போலத்தான். இ.எஸ்.சி. என்னதான் பிரேக்கைப் பிடித்தாலும் டயர் சாலையைப் பிடித்தால்தான் பயன். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

கார் தாரைவிட்டு மணலில் இறங்கிப் புதைந்துகொண்டால் கதை வேறு. சக்கரம் சுழல்வதைக் கண்டு கணினி என்ஜினின் சக்தியை வெட்டிவிடும். கார் ‘ம்ம்’ என்று முனகி நின்றுவிடும். அப்போது மட்டும் நிறுத்தும் பொத்தானை அழுத்தலாம். பல கார்களில் ஒருமுறை அழுத்தினால் சக்கரச் சுழல் கட்டுப்பாடு மட்டும் நிற்கும். அழுத்திப் பிடித்தால் இ.எஸ்.சி-யும் போய்விடும். வெளியே வந்ததும் மறுபடி போடுங்கள். பொத்தானைத் தட்டிவிட்டு மறந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஃபைபர் படகை ட்ரெய்லரில் வைத்துக் காரில் இழுக்கிறோம். 60-ஐத் தாண்டினால் ட்ரெய்லர் ஆடுகிறது. ஏன்? இ.எஸ்.சி. இதைத் தடுக்குமா?

நல்ல கேள்வி, நீளமான பதில்.

ட்ரெய்லர் என்பது காரின் வாலில் தொங்கும் ஊஞ்சல். ஏதாவது ஒரு தட்டு, காற்றோ பள்ளமோ, அதை ஒரு பக்கம் தள்ளும். மெதுவான வேகத்தில் அந்த ஆட்டம் தானே அடங்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் அடுத்ததைப் பெரிதாக்கும். அந்த வேகம் எது என்பதை எடை எங்கே இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

படகு இழுப்பவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. படகின் பின்புறத்தில் மோட்டார் பொருத்தியே இருக்கும். அதன் எடை ட்ரெய்லரின் அச்சுக்குப் பின்னால் தொங்குகிறது. எண்ணெய்க் கேனையும் வலையையும் பின்பக்கமே போட்டிருப்பார்கள். விளைவு, ட்ரெய்லரின் முன்பக்கம், அதாவது காரின் கொக்கி மேல் அழுத்தும் எடை, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது. வால் கனத்த ட்ரெய்லர் ஆடாமல் என்ன செய்யும்?

மண்டபத்தில் ஒருவர் என் முன்னிலையில் இதைச் சோதித்தார். கொக்கியைக் கழற்றி, ட்ரெய்லரின் முன் கம்பியை ஒரே கையால் தூக்கினார்; இறகு போல வந்தது. மோட்டாரைக் கழற்றிக் காரின் டிக்கியில் வைத்தோம், கேனை படகின் நடுவுக்கு நகர்த்தினோம். மறுபடி தூக்கச் சொன்னேன். இரண்டு கையும் முதுகும் வளைந்தன. அன்று சாயல்குடி வரை ஆட்டமே இல்லை.

பொதுவான கணக்கு: ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இருக்கட்டும். 600 கிலோ என்றால் 60 கிலோ. ஆனால் உங்கள் கார் கொக்கியில் எவ்வளவு தாங்கும் என்பது கையேட்டில் எழுதியிருக்கும், அதை மீறாதீர்கள். வீட்டில் இருக்கும் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ட்ரெய்லரின் முன்முனையை வைத்து அளக்கலாம், கொக்கியின் உயரத்துக்குக் கட்டையை அடியில் கொடுத்து.

இப்போது இ.எஸ்.சி-க்கு வருவோம். சாதாரண இ.எஸ்.சி. காரை மட்டும்தான் பார்க்கும். ட்ரெய்லர் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் கூடுதல் மென்பொருள் சில கார்களில் உண்டு. ட்ரெய்லர் ஆடும்போது காரின் வாலும் இடமும் வலமுமாக ஒரு தாளத்தில் அசையும். அந்தத் தாளத்தை அடையாளம் கண்டு, எதிர்த் தாளத்தில் இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் மாறிமாறிப் பிடித்து ஆட்டத்தை உடைக்கும். அதோடு என்ஜினைக் குறைத்து வேகத்தையும் இறக்கும். சில கார்களில் கம்பெனியின் கொக்கி வயரைப் பொருத்தினால்தான் இது விழிக்கும். வெளியில் வெல்டிங் செய்து மாட்டிய கொக்கியில், ட்ரெய்லர் இருப்பதே காருக்குத் தெரியாமல் போகலாம். கையேட்டில் ‘ட்ரெய்லர்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் காரில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், பதிவு வேண்டும். படகுக்காகப் பட்டறையில் செய்த தள்ளுவண்டிதானே என்று நினைப்பவர்கள் அதிகம்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது?

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சண்டை போடாதீர்கள். நீங்கள் திருப்புவது எப்போதும் ஒரு தாளம் தாமதமாகத்தான் போய்ச்சேரும், அதுவே ஆட்டத்தை வளர்க்கும். வேகம் கூட்டினால் நேராகும் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். ட்ரெய்லருக்குத் தனிப் பிரேக் இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடிக்கலாம். நின்ற பிறகு இறங்கி எடையை மாற்றி அடுக்குங்கள். மறுபடி அதே வேகத்தில் போனால் மறுபடி ஆடும்.

டாஷ்போர்டில் கார் வழுக்குவது போன்ற மஞ்சள் விளக்கு எரிகிறது. ஓட்டலாமா?

மின்னுகிறதா, தொடர்ந்து எரிகிறதா என்று பாருங்கள். மின்னினால் இ.எஸ்.சி. இப்போது வேலை செய்கிறது என்று பொருள். ‘வேகம் போதும்’ என்று கார் சொல்கிறது. தொடர்ந்து எரிந்தால் அது அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது பழுது. பழுது என்றால் கார் பழைய காலத்துக் காரைப் போல ஓடும். வழக்கமான பிரேக் இருக்கும், ஆனால் உதவி இருக்காது.

நம் கடற்கரையில் இந்தப் பழுதுக்கு அடிக்கடி காரணம் உப்பு. சக்கரத்தின் அருகில் வேகம் அளக்கும் சென்சாரும் அதன் இணைப்பும் இருக்கின்றன. உப்புக்காற்றும் அலைத் தூவலும் அங்கே போய்ப் படிந்து பச்சைப் பூத்துவிடும். என் கார் ஒன்றுக்கு இப்படி விளக்கு எரிந்தபோது ஒரு பட்டறையில் விட்டேன். மாலையில் விளக்கு அணைந்திருந்தது. மகிழ்ச்சியாக எடுத்து வந்தேன். பின்னர்தான் தெரிந்தது, அவர்கள் பழுதை நீக்கவில்லை, விளக்கின் இணைப்பை நீக்கியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி: சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். இந்த விளக்கு அந்த நேரத்தில் எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் சக்கரத்தின் உட்பக்கத்தையும் அடிப்பகுதியையும் கழுவுங்கள். அரிச்சல்முனையில் கடலலை தொடும் இடத்தில் காரை ஓட்டிப் படம் எடுப்பவர்கள் அன்று மாலையே கழுவ வேண்டும்.

பழைய காரில் இதைப் பொருத்த முடியுமா?

முடியாது என்றே சொல்லலாம். சென்சார், பிரேக் அமைப்பு, கணினி எல்லாம் அந்தக் காருக்காகவே அளந்து பொருத்தப்பட்டவை. பழைய காரில் வேகத்தைக் குறைப்பதும் நல்ல டயர் போடுவதும்தான் வழி.

புதுக் கார் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஒரே மாடலில் இ.எஸ்.சி. விலை குறைந்த வகையில் இல்லாமலும், விலை கூடிய வகையில் இருந்தும் வரலாம். ஆகவே மாடல் பெயரை அல்ல, நீங்கள் வாங்கும் வகையின் விவரத்தைப் பாருங்கள். கார்களை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும், 2023-இல் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற இ.எஸ்.சி. இருக்க வேண்டும் என்பது ஒரு நல்ல அடையாளம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் பத்தாண்டுக்கும் முன்பே புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டன.

பைக்கில் போகிறவர்களுக்கு?

இந்த அமைப்பு அவர்களுக்கு இல்லை. பலத்த காற்றில் பாலம் ஏறாமல், காற்று குறையும் வரை மண்டபத்தில் ஒரு தேநீர் குடியுங்கள்.

காற்று எவ்வளவு என்று பாலம் ஏறுமுன் எப்படித் தெரிந்துகொள்வது?

மண்டபத்தில் கடல் தெரியும் இடத்தில் நின்று பாருங்கள். அலையின் தலையில் அங்கொன்றும் இங்கொன்றும் வெள்ளை இருந்தால் காற்று மிதம். கடல் முழுக்க வெள்ளைத் தலைகளாக இருந்தால் 40 கிலோமீட்டர் அளவில் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பனை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதும் காற்றின் திசையைச் சொல்லும். அதைப் பார்த்தால் காற்று உங்களை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை ஏறுமுன்னே தெரிந்துகொள்வீர்கள்.

மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பையும் கேளுங்கள். அதில் வீசும் வேகமும் இடையிடையே எகிறும் வேகமும் தனித்தனியே சொல்லப்படும். கார் ஓட்டுபவருக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். ஏனென்றால் நிலையாக அடிக்கும் காற்றுக்குக் கை பழகிவிடும், எகிறும் காற்றுதான் தடம் மாற்றும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால், நான் என் ஓட்டுநர்களிடம் பேசுவதே இல்லை. சாவிகளை வாங்கி ஆணியில் மாட்டிவிடுகிறேன்.